மலை ஏறாத வருஷம்

என் மகள் லலிதாவைக் காப்பாற்றச் சொல்லிச் சாமியிடம் கேட்டேன். காப்பாற்றவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் வேறு ஒன்று கேட்டேன். அது கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பிரதோஷத்துக்கு வருகிற நம் ஆட்கள் பல பேர் கேட்டார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அதனால் எழுதிக் கொடுக்கிறேன்.

எனக்குத் திருப்பதிப் பக்கம், கார்வேட்டிநகரத்துக்கு அருகில் ஒரு கிராமம். கொஞ்சம் மாந்தோப்பு, கொஞ்சம் வேர்க்கடலை. என் மனைவி குப்பம்மா. எங்களுக்கு ஒரே பெண், லலிதா. ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போனாள். அங்கேயே வேலை செய்கிற மோகனுக்குக் கட்டிக் கொடுத்தோம். நல்ல பையன். சொந்த ஊர் ராமகுப்பம். பட்டுப்பூச்சி வளர்க்கிற குடும்பம். இரண்டு பேரும் சத்தியவேட்டில் ஒரு மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருந்தார்கள்.

குப்பம்மாவுக்குச் சிவன் என்றால் உயிர். முடிந்தபோதெல்லாம் பிரதோஷத்துக்குச் சுருட்டப்பள்ளி போய்விடுவாள். அங்கே சாமி விஷம் குடித்த களைப்பில் அம்பாள் மடியில் தலைவைத்துப் படுத்திருப்பார். ஒரு தடவை லலிதாவும் கூட வந்தாள். தரிசனம் முடிந்து வெளியே உட்கார்ந்திருந்தோம்.

"இங்க படுத்துக்கினு கீறாரு. எழுந்து குந்திக்கினு இருக்கற எடத்த ஒரு தபா பாத்துடணும்" என்றாள் குப்பம்மா.

"அது கைலாசம்மா. சைனா பக்கம் கீது. பாஸ்போர்ட்டு வேணும்" என்றாள் லலிதா.

"சாமியப் பாக்க இன்னாத்துக்குடி பாஸ்போர்ட்டு? ரேஷன் கார்டு போதாதா?"

லலிதா சிரித்துவிட்டாள். சிரித்தாலும் விடவில்லை. பஸ்ஸில் வரும்போதே போனில் தேட ஆரம்பித்தாள். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டுச் சொன்னாள். மணிமகேஷ் என்று ஓர் ஏரி. இமாசலப் பிரதேசத்தில், சம்பா பக்கம். அங்கேயும் ஒரு கைலாச மலை. அதன் காலடியில்தான் ஏரி. ஆவணியில் யாத்திரை. ஹட்சர் என்கிற ஊர் வரைக்கும் வண்டி போகும். அதற்கு மேல் நடை. காற்று மெல்லிசாக இருக்கும். பாஸ்போர்ட் வேண்டாம், உடம்பு நன்றாக இருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் போதும்.

அப்போது மாசி மாதம். அன்றைக்கிருந்து தினம் போன். "நைனா, பீடிய வுட்டுடு. அங்க மூச்சு வாங்கும்." விட்டேன். "நைனா, அம்மாவ இட்டுக்கினு திருமலைக்குப் படியேறிப் பழகு." ஏறினோம். "ஸ்வெட்டர் இங்க வாங்காத. ரயில் எறங்கற பதான்கோட்டுல நல்லதா கெடைக்கும்." சரி என்றேன். எங்கள் இரண்டு பேருக்கும், அவளுக்கும் மோகனுக்கும் சேர்த்து ரயில் டிக்கெட் போட்டாள். தோப்பில் காய் இறங்கி முடிந்துவிடும், ஆவணியில் கவலையில்லாமல் போகலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

ஆடியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது.

சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது இரத்தத்தில் ஏதோ குறைந்துவிட்டது என்றார்கள். டாக்டர்கள் நன்றாகத்தான் பார்த்தார்கள். யார் மேலும் எனக்குக் குறை இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றால் மலை தெரியும். மலையைப் பார்த்துக் கும்பிட்டேன். பெருமாளையும் கேட்டேன், சிவனையும் கேட்டேன். என் உயிரை எடுத்துக்கொள் என்றேன். இதைவிடப் பெரிதாகக் கேட்க எனக்குத் தெரியாது.

லலிதா போய்விட்டாள்.

மோகனின் ஊருக்குக் கொண்டுபோனார்கள். அதுதான் முறை. நாங்கள் வண்டியில் பின்னால் போனோம். ராமகுப்பத்தில்தான் எல்லாம் நடந்தது. கொள்ளி, பால், எலும்பு பொறுக்கியது, கரைத்தது எல்லாம் அவர்கள்தான். நாங்கள் போன மாதிரியே வெறும் கையோடு திரும்பி வந்தோம்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பங்காளி வீட்டில் சாவு என்றால் வருஷம் திரும்புகிற வரைக்கும் மலை ஏறக்கூடாது. திருமலை, திருத்தணி எதுவும் கூடாது. ஆனால் கட்டிக் கொடுத்த பெண் செத்தால் பெற்ற வீட்டுக்குத் தீட்டு மூன்று நாள். அவள் வேறு வீட்டுப் பெண். மூன்றாம் நாள் வீட்டைக் கழுவினோம். தலைக்குக் குளித்தோம். நாலாம் நாள் எல்லாரும் அவரவர் வேலைக்குப் போனார்கள். நானும் தோப்புக்குப் போனேன். போய் என்ன செய்தேன் என்று ஞாபகம் இல்லை.

குப்பம்மா அழவில்லை. ராமகுப்பத்திலும் அழவில்லை. வீட்டுக்கு வந்து அடுப்படிச் சுவர் ஓரமாக உட்கார்ந்தாள். பேச்சு நின்றுபோனது. சாப்பாடும் நின்றது. நான் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தால் இரண்டு வாய் குடிப்பாள். மீதியை வைத்துவிடுவாள். கேட்டால் பதில் இல்லை. கோபமும் இல்லை. என்னைப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பார்த்தார்கள். "துன்னு தாயி. நீ துன்னலன்னா அவ வந்துடுவாளா?" என்பார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டால் இருக்கிற இரண்டு வாயும் நின்றுபோகும். அவளுடைய வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது. புத்தூரில் டாக்டரிடம் காட்டினேன். குளுகோஸ் ஏற்றினார். உடம்பில் ஒன்றும் இல்லையய்யா, மனசுதான் என்று தெலுங்கில் சொன்னார். மாத்திரை கொடுத்தார். போட்டுக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன். துணி துவைக்கும்போது முந்தானை முடிச்சில் மாத்திரைகள் இருந்தன.

இவளும் போகப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மோகன் ஒருநாள் வந்தார். மொட்டைத் தலை. ஆளே பாதியாகிவிட்டார். புருஷன் என்பதால் அவருக்கு வருஷத் தீட்டு. மலை ஏறக்கூடாது.

"மாமா, அந்த டிக்கெட்டு" என்றார். "என்னால வர முடியாது. நீங்களும் அத்தையும் போறதுன்னா போங்க. லலிதா போட்ட டிக்கெட்டு."

"அத்தையப் பாருங்க மாப்ள" என்றேன். பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார். டிக்கெட்டை வேண்டாம் என்று சொல்லிவிடச் சொன்னேன். சரி என்று போய்விட்டார்.

அதை அடுத்து வந்த பிரதோஷத்துக்கு நான் தனியாகச் சுருட்டப்பள்ளி போனேன். போகவே மனசில்லை. கேட்டதைக் கொடுக்காதவரிடம் மறுபடி என்ன கேட்பது? ஆனாலும் வேறு யாரிடம் போவது? கூட்டத்தில் நின்றேன். பெரிதாகக் கேட்க வாய் வரவில்லை. மனசுக்குள் இதைத்தான் சொன்னேன். அவள் ஒரு வாய் சோறு அவளாகவே கேட்டுச் சாப்பிட வேண்டும். அது போதும். வேறு எதுவும் வேண்டாம். விழுந்து கும்பிட்டுவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் கஞ்சி வைத்தபடியே இருந்தது. அடுத்த பிரதோஷத்துக்கும் போனேன். அதே வேண்டுதல். வந்து பார்த்தால் அதே கஞ்சி.

எனக்குப் பெரியப்பா மகன் ஒருவர் இருக்கிறார். பெயர் முனிரத்தினம். பக்கத்துத் தெரு. எங்கள் பங்காளிகளில் அவர்தான் மூத்தவர். வாய் அதிகம். எந்த வீட்டில் எதை எப்போது பேசவேண்டும் என்று தெரியாது. ஆனால் ஓடி வருகிற மனுஷர். அந்த வாரம் ஒருநாள் காலையில் ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு வந்தார். குப்பம்மா சுவர் ஓரமாக இருந்தாள். நான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன்.

"இன்னாடா சுப்பிரமணி, பொம்பள வேல கத்துக்கினியா?" என்றார். "டிக்கெட்ட ரத்து பண்ணிட்டியாமே. மோகன் சொன்னான். உனக்கு அறிவுகீதா?"

"இவ இப்படி இருக்கும்போது எங்கண்ணா போறது?"

"அதுக்குத்தான் சொல்றேன். இட்டுக்கினு போ. நாலு எடம் பாத்தா மனசு மாறும். தீட்டுன்னு பயப்படறியா? கட்டிக் குடுத்த பொண்ணுடா. நமக்கு மூணு நாளு. குளிச்சிட்டோம், போச்சி. தாராளமா மலை ஏறலாம். நான் ஐயர் கிட்டயே கேட்டுட்டேன்."

"விடுண்ணா."

"இன்னாடா விடு? மூணு நாளோட முடிஞ்சி போச்சின்னு சொல்றேன், நீ..."

"யாருக்கு?"

குப்பம்மாவின் குரல். எனக்குக் கை நின்றுவிட்டது. எத்தனையோ நாள் கழித்துக் கேட்கிறேன். துரு ஏறின மாதிரி இருந்தது.

"யாருக்கு மாமா மூணு நாளு?" என்றாள் மறுபடி. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "உனக்கா? எனக்கா? நீ பெத்தியா? பத்து மாசம் சொமந்து, பாலு குடுத்து, தல வாரி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி... மூணு நாளா? ஒரு கோழி செத்தாக்கூட நாலு நாளு பேசறியே மாமா நீ!"

அண்ணன் ஓர் அடி பின்னால் போனார். "அம்மாடி, நான் வழக்கத்தத்தான்..." என்றார்.

"இன்னா வழக்கம்? மோகனுக்கு ஒரு வருஷம்னா எனக்கும் ஒரு வருஷம். நான் காக்கறேன். எந்த ஐயரு வந்து கேப்பாரு, பாக்கறேன். வருஷம் முடியற வரைக்கும் ஒரு மலை ஏற மாட்டேன். முடிஞ்சப்பறம் ஏறுவேன். அவ சொன்ன மலைய ஏறுவேன்."

சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். அழுதாள். ராமகுப்பத்தில் அழவேண்டியது, ஆஸ்பத்திரியில் அழவேண்டியது எல்லாம் சேர்த்து அழுதாள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அண்ணன் கீரைக்கட்டைப் பிடித்தபடியே நின்றார். அவரும் அழுதார்.

வெகுநேரம் கழித்து மூக்கைச் சிந்திக்கொண்டு என்னிடம் கேட்டாள். "சோறு இருக்குதாய்யா? பசிக்குது."

பழைய சோறு இருந்தது. மோர் ஊற்றிக் கரைத்துக் கொடுத்தேன். சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் போடச் சொன்னாள். போட்டுவிட்டுப் பின்பக்கம் போய் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குத்தான் நானும் அழுதேன்.

நம் ஆட்களுக்குச் சொல்கிறேன். நான் கேட்டது ஒரு வாய் சோறு. அது எப்படி வரும் என்று நான் நினைக்கவே இல்லை. யாராவது நல்ல வார்த்தை சொல்லித் தேற்றுவார்கள் என்று நினைத்திருந்தேன். நல்ல வார்த்தை எதுவும் வேலை செய்யவில்லை. சொல்லக்கூடாத ஒரு வார்த்தைதான் அவளை எழுப்பியது. அண்ணன் வாயில் சாமி வந்தார் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அண்ணனே சிரித்தார். ஆனால் நான் அப்படித்தான் நம்புகிறேன்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிடவில்லை. சில நாள் சாப்பிடுவாள், சில நாள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆனால் ஒரு வருஷம் தள்ளவேண்டும் என்று அவளுக்கு ஒரு வேலை வந்துவிட்டது. வருஷம் தள்ள உயிர் வேண்டும். மலை ஏறக் காலில் தெம்பு வேண்டும். அதற்காகச் சாப்பிட்டாள்.

தீட்டைக் கெட்டியாகக் காத்தாள். தை கிருத்திகைக்கு ஊரே திருத்தணி போனது. நாங்களும் போனோம். எல்லாரும் படி ஏறினார்கள். நாங்கள் கீழேயே கற்பூரம் ஏற்றிவிட்டுத் திரும்பினோம். திருப்பதிக்குப் போனால் மலையடியில் அலிபிரியோடு நின்றுவிடுவோம். ஊர்ப் பெண்கள் பேசினார்கள். "ஊர்ல இல்லாத வழக்கத்த இவ கொண்டாந்துட்டா." குப்பம்மா காதில் விழுகிற மாதிரியே சொன்னார்கள். "ஆமா, கொண்டாந்துட்டேன்" என்றாள் இவள்.

ஆனால் ஒரு கஷ்டம் இருந்தது. மலை ஏறிப் பழகாமல் அவ்வளவு பெரிய மலையை எப்படி ஏறுவது? பழகவும் மலை ஏறக்கூடாது. ஊர் ஏரிக்கரையில் நடந்தோம். சமதரையில் நடந்து என்ன பயன்? மோகன்தான் வழி சொன்னார். "மாடிப்படி மலை இல்லையே அத்த. நம்ம வீட்டுக்கு வாங்க."

மாதத்தில் சில நாள் சத்தியவேடு போய்த் தங்கினோம். கீழே இருந்து மொட்டைமாடி வரைக்கும் ஏறுவோம், இறங்குவோம், மறுபடி ஏறுவோம். முதுகில் ஒரு பையில் துணி போட்டுக் கட்டிக்கொள்வாள். மற்ற மாடிப் பெண்கள் கதவைத் திறந்து பார்ப்பார்கள். "இன்னாக்கா, எத்தயாவது தொலைச்சிட்டியா? மேலயும் கீழயும் தேடறே?" என்று புதிதாகக் குடிவந்த ஒரு பெண் கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். அவளுக்கு விஷயம் தெரியாது. குப்பம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இந்தப் படியிலதான தெனமும் ஏறி எறங்கியிருப்பா" என்றாள் என்னிடம். "கால் வலிக்குதும்மான்னு போன்ல சொல்லுவா. நான் தைலம் தடவிக்கோன்னு சொல்லுவேன். இவ்வளவு செங்குத்தா இருக்கும்னு எனக்குத் தெரியாது."

எழுந்து மறுபடி ஏறினாள். நானும் ஏறினேன்.

வருஷம் திரும்பியது. ராமகுப்பம் போனோம். மோகன் திதி கொடுத்தார். அவர் வீட்டில் பெண் பார்க்கிறார்கள் என்று அங்கே காதில் விழுந்தது. சின்ன வயசு, பார்க்கத்தானே வேண்டும். குப்பம்மா அவரைத் தனியாகக் கூப்பிட்டாள். எனக்குப் பயமாக இருந்தது.

"பண்ணிக்கோங்க மாப்ள. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா ஏரிக்கு எங்களோட வந்துட்டுப் பண்ணிக்கோங்க. அவ நாலு பேரும்தான் போவணும்னு சொன்னா."

மோகன் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

முதலில் ஏறிய மலை திருமலைதான். முனிரத்தினம் அண்ணனும் வருகிறேன் என்று கூடவே வந்தார். முழங்கால் முறிச்சான் படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். குப்பம்மா மேலே நின்றுகொண்டு சொன்னாள். "இன்னா மாமா, மூணு நாளு ஆவும் போலக்கீதே?" அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். "தாயி, என்ன வுட்டுடு" என்றார். இறங்கி வந்து தண்ணீர் கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கு அந்த இடத்திலேயே தரிசனம் ஆன மாதிரி இருந்தது.

டாக்டர் சர்ட்டிபிகேட் திருப்பதியில் வாங்கினோம். ஆவணியில் நாங்கள் மூன்று பேரும் கிளம்பினோம். பதான்கோட்டில் ஸ்வெட்டர் வாங்கினோம். கம்பெனியில் வடக்கத்தி ஆட்களோடு பழகியதில் மோகனுக்கு இந்தி வரும். ஹட்சரிலிருந்து நடந்தோம். குதிரை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். குப்பம்மா வேண்டாம் என்றாள். வழியில் தன்சோ என்கிற இடத்தில் தங்கினோம். பெரிய அருவி. மறுநாள் ஏற்றம் அதிகம். பத்தடி வைத்தால் நின்று மூச்சு வாங்கவேண்டும். கற்பூரத்தை முகர்ந்துகொண்டே ஏறினோம். மோகன் அவளுக்கு முன்னால் போய்க் கை கொடுத்தபடியே போனார்.

ஏரியைப் பார்த்தேன். சின்ன ஏரிதான். சுற்றிக் கல். தண்ணீரில் கை வைத்தால் எரிகிறது, அவ்வளவு குளிர். அதன் எதிரில்தான் கைலாச மலை. ஆனால் எங்களுக்கு மலை தெரியவில்லை. முழுக்க மேகம். அதிர்ஷ்டம் இருக்கிறவர்களுக்குத்தான் உச்சி தெரியும் என்று அங்கே இருந்தவர்கள் சொன்னதை மோகன் எங்களுக்குச் சொன்னார். காத்திருந்தோம். மேகம் விலகவே இல்லை. இவ்வளவு தூரம் வந்தும், இவ்வளவு இழந்தும், இதுவுமா என்று நினைத்தேன்.

குப்பம்மா தண்ணீரை எடுத்துத் தலையில் தெளித்துக்கொண்டாள். மோகன் தலையிலும் தெளித்தாள். என் தலையிலும் தெளித்தாள். அப்புறம் இன்னொரு கை தண்ணீர் எடுத்தாள். அதைத் தெளிக்க ஆள் இல்லை. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். விரல் இடுக்கில் வழிந்து முடிகிற வரைக்கும் வைத்திருந்தாள்.

"மலை தெரியல குப்பு" என்றேன்.

"தெரியலன்னா போவட்டும்" என்றாள். "அங்கதான இருக்குது."

அவ்வளவுதான் சொன்னாள். இறங்கினோம்.

இன்றைக்கும் பண்டிகை நாளில் வீட்டில் ஒரு தட்டு குறைவாகத்தான் வைக்கிறோம். சில நாள் குப்பம்மா பேசாமல் இருப்பாள். நான் கேட்பதில்லை. மோகனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. போய் ஆசீர்வாதம் செய்துவிட்டு வந்தோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதாள். வீட்டுக்கு வந்து சமைத்தாள்.

முன்பு சாவு வீட்டுக்குப் போனால் தலையைக் காட்டிவிட்டு வந்துவிடுவேன். இப்போது உட்காருகிறேன். பெண்ணைப் பறிகொடுத்த வீடு என்றால் குப்பம்மா சோற்றுப் பானையோடு போகிறாள். துன்னு என்று சொல்வதில்லை. பக்கத்தில் வைத்துவிட்டு அவர்கள் கூடவே இருக்கிறாள். மூன்று நாளுக்குப் பிறகும் போகிறாள்.

கேட்டது கிடைக்காமல் சாமி மேல் கோபமாக இருக்கிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். நானும் அங்கே நின்றவன்தான். கோபம் இருக்கட்டும், அதோடேயே வாருங்கள். பெரிதாகக் கேட்க வாய் வராவிட்டால் சின்னதாகக் கேளுங்கள். ஒரு வாய் சோறு கேளுங்கள். ஒரு நல்ல தூக்கம் கேளுங்கள். அடுத்த பிரதோஷத்துக்கு நானும் குப்பம்மாவும் சுருட்டப்பள்ளியில் இருப்போம். யாராவது தனியாக வந்தால் எங்கள் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.